தண்ணீர் குடித்த நேரம்

"நான் வாசிக்கிறத நிறுத்துன பொறகும் அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு புள்ள."

நாகல் நகர் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். கோடை விடுமுறையில் ஞாயிறுதோறும் நூலகத்தில் பார்வையற்றவர்களுக்குக் கதை வாசிக்கிறவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. அன்று மூத்தவருடைய முறை.

"யாரு ஸ்டெல்லாக்கா?" என்றார் இளையவர்.

"சாணார்பட்டிலருந்து வாராருல்ல, பூக்காரரு. அவரு மட்டுந்தான் வந்திருந்தாரு. தொண்டை வறண்டுபோச்சுன்னு புத்தகத்த மூடிட்டுத் தண்ணி குடிச்சேன். அவரு தலைய ஆட்டிக்கிட்டே இருக்காரு. நடுவுல சிரிக்கிறாரு. என்னய்யான்னு கேட்டேன். கைய ஒசத்தி, 'செத்த நேரம் சும்மா இருங்கம்மா, அந்தம்மா முடிச்சிரட்டும்'ங்கிறாரு."

"வேற யாரும் இருந்தாகளா?"

"நாங்க ரெண்டு பேருதான்."

"வயசானவரு. ஏதோ நெனப்புல இருந்திருப்பாரு."

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன். விட்ட எடத்துலருந்து ஆரம்பிச்சா, 'அதெல்லாம் முடிஞ்சிருச்சேம்மா, பொண்ணு வீடு வந்து சேந்துட்டாளே'ங்கிறாரு. கடைசிப் பக்கத்தத் திருப்பிப் பாத்தேன். வந்து சேந்துட்டா."

"முன்னாடியே யாராச்சும் வாசிச்சுக் காட்டிருப்பாக."

"இன்னைக்குக் காலைலதான் புதுப் புத்தகக் கட்டப் பிரிச்சு எடுத்துக் குடுத்தாக."

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. இறங்கவில்லை.

"அடுத்த ஞாயிறு நான் எப்பிடிக்கா தனியா வாசிக்கிறது?"

"தனியா எங்க புள்ள?"