இன்ஜெக்டர் மாத்தின வண்டி

இல்லண்ணா, வண்டிய எடுத்துக்கினு வரல. அது தென்னேரியில வீட்டாண்டதான் நிக்குது. ஒரு விஷயம் கேட்டுக்கினு போலாம்னு பஸ்ல வந்தேன். கமல் மெக்கானிக் நீங்கதானே? ஆங். நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க, நான் இப்படி ஓரமா ஒக்காந்துக்கறேன்.

பழைய பெட்ரோல் வண்டிண்ணா. எங்க வீட்டுக்காரரு வாடகைக்கு ஓட்டுவாரு. கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வர்றவங்கள ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து கூட்டிக்கினு வருவாரு, கடை கடையா சுத்திக் காட்டுவாரு. ஏசி போட்டா இழுக்கலன்னு, இஞ்சினுக்குப் பெட்ரோல் பீச்சற அந்த இன்ஜெக்டர மாத்தினாங்க. ஆமாண்ணா, பழசுதான். வேற ஏதோ பெரிய வண்டியில இருந்து கழட்டினதாம். அப்படி மாத்தினா அப்புறம் இன்னா பண்ணணும்?

கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, எனக்கு வண்டி ஓட்டக்கூடத் தெரியாது. சரி, வண்டிக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் இருக்குது. எவ்ளோ நேரம் பெட்ரோல் வுடணும்னு அதுதான் சொல்லுது. ஓ, அது பழைய இன்ஜெக்டர் கணக்குலயே தொறந்து தொறந்து மூடும், ஆனா இதுல ஓட்டை பெருசு. அப்போ பெட்ரோல் கூடுதலா கொட்டும். அதான் லேப்டாப்ப மாட்டி, இன்ஜெக்டர் மாறிடுச்சு, கம்மியா வுடுன்னு கணக்க மாத்திக் குடுக்கணும். புரியுதுண்ணா. நல்லாத்தான் சொல்றீங்க.

மாத்திக் குடுக்கலன்னா?

ஆமா ஆமா, புகை கருப்பாத்தான் வந்துது. வண்டி நின்னா இஞ்சின் ஆஃப் ஆயிடும், பக்கத்துல போனாலே கண்ணு எரியும். அந்தப் புகையில விஷம் ஜாஸ்தியாண்ணா? மூடின எடத்துலன்னா?

போதும்ண்ணா. உங்க வாயாலயே சொல்லிட்டீங்க.

ஸ்பேனர கீழ வையுங்க. நான் ஷாரோன், ஜெபகுமார் பொண்டாட்டி. வெள்ளை வண்டி. ஆமா, அவருதான். ஐப்பசி மழையில உங்ககிட்ட வுட்டுட்டுப் போனாரு. இன்ஜெக்டர மாத்திட்டு, லேப்டாப் போடற ஆளு ஊர்ல இல்லன்னு வண்டிய அப்படியே குடுத்தனுப்பிட்டீங்க.

அவருக்கு மறுநாளு கல்யாண வாடகை. வண்டி இப்படி ஆஃப் ஆவுதேன்னு மத்தியானம் வீட்டு ஷெட்டுல ஏதோ பாத்துக்கினு இருந்தாரு. சாரல் உள்ள அடிச்சுது. ஷட்டர எறக்கி வுட்டுட்டு வண்டிக்குள்ள ஒக்காந்துட்டாரு. நான் சாப்பிடக் கூப்பிடலாம்னு போய் ஷட்டரத் தூக்கறேன், இஞ்சின் ஓடிக்கினே இருக்குது. ஆக்சிலேட்டர்ல கால வச்சமேனிக்கே சாஞ்சி கெடந்தாரு. மூஞ்சி நல்லா செவந்து, வெயில்ல போய்ட்டு வந்து தூங்கற மாதிரி.

போன மாசம் வண்டிய வித்துடலாம்னு வாலாஜாபாத்ல இருந்து தப்ரேஸ்னு ஒருத்தர வரச் சொன்னேன். வண்டி வாங்கி விக்கறவரு. அவரு லேப்டாப்ப மாட்டிப் பாத்துட்டு, எவன்மா இந்த நெலமையில வண்டிய வெளிய வுட்டான்னு கேட்டாரு. அன்னிக்குத்தான் எங்க வீட்டுக்காரரு போன எடுத்துப் பாத்தேன். கடைசியா உங்க நம்பருக்குத்தான் பேசியிருக்காரு.

இன்னா சொன்னீங்கண்ணா அவருகிட்ட? திட்டறதுக்கு வரல, சொல்லுங்க.

ஸ்டார்ட் பண்ணி, ஆஃப் ஆவாம புடிச்சிக்கினு கொஞ்ச நேரம் ஓடவுடு, கம்ப்யூட்டர் தானா கத்துக்கும்னு சொன்னீங்களா?

அப்படியா.

அதத்தான் பண்ணியிருக்காரு.

அழாதீங்கண்ணா. கேஸா? அது அப்புறம். எனக்கு இப்போ அது இல்ல.

ஷட்டர் மூடியிருந்துது, இஞ்சின் ஓடிச்சுது, உள்ள ஆளு. தானே பண்ணிக்கினாருன்னு போலீஸ்ல எழுதி முடிச்சிட்டாங்க. கல்லறையிலகூட எடம் குடுக்கறதுக்கு யோசிச்சாங்க. அன்னிக்குக் காலையில எனக்கும் அவருக்கும் சண்டைண்ணா. எங்க தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு வரமாட்டேன்னாரு, நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன். தெருவுக்கே கேட்டுச்சு. அதுலேர்ந்து எங்க மாமியாரு என் கையால ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிக்கறது இல்ல. எம் புள்ளைய முழுங்கினவளேன்னுதான் கூப்பிடறாங்க.

அதக்கூடத் தாங்கிக்கினேன். எங்க பொண்ணு திரிஷா, அஞ்சாவது படிக்குது. தல பின்னிக்கினு இருக்கேன், திரும்பிப் பாக்காமலே கேக்குது, அப்பா உன்னாலதான் செத்துட்டாராம்மான்னு. இல்லடின்னு சொல்ல எனக்கு வாய் வரலண்ணா. நானும் அப்படித்தானே நெனச்சிக்கினு இருந்தேன்.

இப்போ நான் போய் சொன்னா, தப்பிச்சிக்கறதுக்கு சொல்றாம்பாங்க. நீங்க வரணும். போன்ல அவருகிட்ட இன்னா சொன்னீங்களோ, அத எம் பொண்ணு எதிர்ல நீங்களே சொல்லணும். இஸ்கூல் வுட்டு வர்ற நேரம்தான். கைய கழுவிக்கினு கெளம்புங்கண்ணா.