ஒன்று குறைத்து

— மடியில என்ன வாத்தியாரே, வெள்ளைவெள்ளையா?

— எங்க?

— உங்க மடியிலதான். ரொட்டித் தூளா?

— ரப்பர் தூள். நீ ரோட்டைப் பாரும்மா, முன்னாடி சிக்னல்.

— சிக்னல் எனக்கும் தெரியுது. மூணு நாளா ரேலியில சரளைக் காட்டுல பறந்துட்டு இப்ப ஸ்கூல் பஸ்ஸுக்குப் பின்னால ஊர்ந்துட்டு இருக்கேன், இதுல ரோட்டை வேற பாக்கணுமாம். எதை அழிச்சீங்க?

— ஒண்ணுமில்ல. அதாவது, கடைசி ஸ்டேஜோட வளைவு நோட்டுல சின்னச் சின்னத் திருத்தம்.

— உங்க ‘அதாவது’ எனக்குத் தெரியும். ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு விசாரிச்சாலும் இப்படித்தான் ஆரம்பிப்பீங்க.

— ஸ்டேஜ் வாசலுக்கு இன்னும் இருபத்திரண்டு நிமிஷம் இருக்கு. ஒரு நிமிஷம் பிந்தினா பத்து செகண்ட் தண்டம்.

— அதை நான் கேக்கலை.

— தெரியும். எப்படிச் சொல்றதுன்னு பாத்துட்டு இருக்கேன்.

— ஏங்க, பதினாலு நாட்டுக்காரங்க வந்திருக்காங்க. அதுல நாம ரெண்டாவது. அந்தப் பனிநாட்டு அண்ணன் தம்பி நாலே நாலு செகண்ட்தான் முன்னாடி. இன்னும் ஒரு ஸ்டேஜ். இந்த நேரத்துல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா எப்படி?

— அந்த நாலு செகண்ட் என்னாலதான் போச்சு.

— உங்களாலயா? ஸ்டியரிங் என் கையில இல்ல இருந்துச்சு?

— காலையில இதே ஸ்டேஜை ஒரு தடவை ஓட்டினோம் இல்லையா? அந்தப் பாலம் தாண்டி வர்ற வலது வளைவுல நாலு செகண்ட் விட்டோம். அங்க நான் மூணுன்னு படிச்சேன். அது மூணு இல்ல. நீ எனக்கு நாலுன்னுதான் சொல்லியிருந்தே.

— சரி. ஒரு இடம் தப்பிப்போச்சு. விடுங்க.

— ஒரு இடம் இல்லம்மா. பந்தயத்துக்கு முன்னாடி மெதுவா ஓட்டிப் பாக்கறப்ப நீ ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் சொல்றே. ஆறுன்னா ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுக்கவே வேண்டாம், ஒண்ணுன்னா கொண்டை ஊசி. நான் பென்சில்ல கிறுக்கிக்கறேன். அப்புறம் ரூம்ல உக்காந்து, பந்தயத்துல உனக்குப் படிக்க வேற நோட்டுல சுத்தமா எழுதறேன். எழுதறப்ப ஒண்ணு குறைச்சுடுவேன்.

— எதுல?

— எல்லாத்துலயும். நீ ஆறுன்னா அஞ்சு, அஞ்சுன்னா நாலு.

— எத்தனை நாளா?

— ஒரு வருஷமா. அந்த விபத்துக்கு அப்புறம்.

— போன வருஷம் இதே ரேலியில நடந்ததுக்கா?

— அன்னைக்கு அதே பாலத்துகிட்ட மழையில ஒட்டியிருந்த ரெண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினது நான். வளைவு வருதுன்னே உனக்குச் சொல்லலை. உன் தோள் எலும்பு உடைஞ்ச சத்தம் இந்த ஹெல்மெட்டுக்குள்ளயே கேட்டுச்சு. அதுக்கப்புறம் பென்சிலைப் பிடிச்சா நாலுன்னு எழுத கை வரலை. மூணுன்னுதான் வருது.

— மார்க் குறைக்கிறது உங்க தொழிலாச்சே.

— சிரிக்கிறியா?

— இல்ல. அந்த ரப்பர் தூள்?

— காலையில உன் முகத்தைப் பாத்தேன். அந்த நாலு செகண்டுக்கு நீ தண்ணி பாட்டிலைத் திறக்கக்கூட மறந்து நின்னே. உன் அண்ணன் நம்ம காருக்கு டயர் மாத்தி முடிக்கறதுக்குள்ள உக்காந்து எல்லாத்தையும் அழிச்சுட்டேன். இப்ப நோட்டுல இருக்கறது நீ சொன்ன நம்பர். ஏன் ஓரம் கட்டறே? நேரம் ஓடுது.

— பத்து நிமிஷம் இருக்கு. எல்லாத்தையும் மாத்திட்டீங்களா? ஒண்ணு விடாம?

— நூத்தி எழுபது வளைவு. ஒண்ணு விடாம.

— நான் மட்டும் துகளைப் பாத்துக் கேக்காம இருந்திருந்தா, என்கிட்ட சொல்லாமயே புது நம்பரைப் படிச்சிருப்பீங்க.

— சொன்னா இனிமே நீ என்னை நம்ப மாட்டியோன்னு பயம்.

— சொல்லாம இருந்திருந்தா இன்னைக்கு ரெண்டு பேரும் பள்ளத்துல கிடந்திருப்போம் வாத்தியாரே.

— ஏன்?

— ஒரு வருஷமா நீங்க படிக்கிற நம்பரோட ஒண்ணு கூட்டித்தான் நான் ஓட்டறேன்.

— என்னது?

— நீங்க மூணுன்னா எனக்கு நாலு. நாலுன்னா அஞ்சு. மூளைக்கு வேலையே இல்ல, கை தானா கூட்டிடுது.

— அப்ப நான் குறைச்சது...

— நான் கூட்டினதுல சரியாப் போச்சு. விடை பூஜ்யம்.

— எப்பக் கண்டுபிடிச்சே?

— முதல் ரேலியில, ரெண்டாவது வளைவுல. என் வாயால சொன்ன நம்பர் எனக்கு மறக்குமா? ஒரு மார்க் குறைஞ்சா உங்க பசங்களே வந்து கேக்கறதில்லையா?

— கேட்டிருக்கலாமே.

— ஆஸ்பத்திரியில பதினோரு நாள் நாற்காலியில உக்காந்தபடியே தூங்கின மனுஷனை என்னன்னு கேக்கறது? கேட்டிருந்தா நோட்டை மூடி வச்சுட்டு எழுந்து போயிருப்பீங்க. அந்த சீட்டுல வேற யாரோ உக்காந்து எனக்கு வளைவு சொல்றதா? சும்மா இருங்க.

— இப்ப என்ன பண்றது? மறுபடி அழிச்சு எழுத நேரம் கிடையாது. உன் கையும் நிக்காது.

— நிக்காது. நூத்திநாப்பதுல போறப்ப இன்னைக்குக் கூட்டாதேன்னு கைக்கு எப்படிச் சொல்றது?

— நோட்டு அப்படியே இருக்கட்டும். நான் வாயிலயே குறைச்சுப் படிச்சுடறேன்.

— நூத்தி எழுபது வளைவையும் மனக்கணக்காவா?

— கணக்கு வாத்தியார்கிட்ட கேக்கற கேள்வியா இது? கிளப்பு. ஆறு நிமிஷம்தான் இருக்கு.

— பெல்ட்டை இறுக்குங்க. ஹெல்மெட் மைக் கேக்குதா?

— கேக்குது. அதோ வாசல். டைம் கார்டை நீட்டிட்டேன், சரியான நிமிஷம். இன்னும் நாப்பது செகண்ட்ல விடுவாங்க. ஒண்ணு கேக்கணும்.

— இப்பவா?

— எல்லா இடத்துலயும் கூட்டினேன்னு சொன்னே. அப்ப பாலத்துகிட்ட என்னோட மூணு உனக்கு நாலா ஆகியிருக்கணும். நாலு செகண்ட் போயிருக்காதே.

— அங்க நான் கூட்டலை.

— பயமா?

— பயம்தான். அங்க போனா நான் சொன்ன நம்பரே எனக்கு ஞாபகம் வர்றதில்ல. ஆனா கூட்டாததுக்கு அது காரணம் இல்ல.

— பின்ன? பத்து செகண்ட்.

— மத்த எல்லா வளைவுலயும் ஒண்ணு குறைச்சாலும், அந்த ஒரு இடத்துல மட்டும் நீங்க எனக்கு உள்ளதைத்தான் சொல்வீங்கன்னு நினைச்சேன்; இப்பவும் அங்க நீங்க சொல்றதை அப்படியேதான் எடுக்கப் போறேன், படிங்க.