மொனிட்டரில் ஒரு பெரட்டு

நாகலெட்சுமி: மொதலாளி... இந்தக் கம்பியூட்டரத் தொட்டது யாரு?

செல்லசாமி: யாரும் தொடல. வந்ததும் வராததுமா ஏன் புள்ள கத்துற?

நாகலெட்சுமி: மூணு நாளு லீவுல போயிட்டு வந்து பாத்தா, தேர்த் திருவிழா நோட்டிஸே கண்ணுல படல. ஸ்கிரீன் பூரா விண்டோவா நிக்குது!

செல்லசாமி: பனி, நாகு.

நாகலெட்சுமி: என்னது?

செல்லசாமி: அட்டன் பனி. ஈரம் பட்டா விண்டோ வழுக்கும். போன வருசம் வலப்பனையில ஒருத்தன் கம்பியூட்டர்ல இருந்த கலர் விண்டோ வழுக்கி, பக்கத்துக் கடை டீவில போயி நின்னுச்சு.

நாகலெட்சுமி: சேனல மாத்த வேண்டியதுதானே?

செல்லசாமி: மாத்திப் பாத்தாங்க. போகல.

நாகலெட்சுமி: வெளையாடாதீங்க. பத்து மணி மஸ்கெலியா பஸ்ஸுல புரூஃப் ஏத்தி விடணும். இல்லாட்டி கோயில் கமிட்டி வேற பிரஸ்ஸுக்குப் போயிரும்னு நீங்கதானே சொன்னீங்க?

செல்லசாமி: ஆமா புள்ள. மணி ஒம்பதே கால்... ஒவ்வொண்ணா இழுத்து ஓரத்துல வச்சா நேரம் பத்துமா?

நாகலெட்சுமி: ஏன் இழுக்கணும்? எழுத்து விண்டோ இடது பக்கம், கலர் வலது பக்கம், நடுவுல நோட்டிஸுக்கு எடம். என் கைக்குத் தோதா அடுக்கி, 'நாகு'ன்னு பேரு போட்டு சேவ் பண்ணி வச்சிருக்கேன். அந்தப் பேர அமுக்குனா எல்லாம் அதது எடத்துக்குப் போயிரும்... அடடே!

செல்லசாமி: என்ன... 'நாகு'வும் வழுக்கிருச்சா?

நாகலெட்சுமி: அதுக்குக் கீழ இன்னொரு பேரு சேவ் ஆகியிருக்கு. 'செல்லசாமி'ன்னு. பனிக்கு உங்க பேரு எப்படித் தெரியும்?

செல்லசாமி: ...அட்டன்ல என்னயத் தெரியாதவன் யாரு?

நாகலெட்சுமி: மொதலாளி!

செல்லசாமி: சரி சரி... நான்தான். புரூஃப நானே முடிக்கலாம்னு ஒக்காந்தேன். விண்டோவெல்லாம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு ஒளிஞ்சு நின்னுச்சு. தேயிலைத் தோட்டத்துல இருவது வருசம் கணக்கப்புள்ளையா இருந்து, காலைப் பெரட்டுல வேலைக்கு வந்த ஆளுகள நிறுத்தி எண்ணுன பழக்கம்... எல்லாத்தையும் முன்னால கூப்புட்டு வரிசையா நிப்பாட்டிட்டேன். பதினாலு. ஒண்ணும் கொறையல.

நாகலெட்சுமி: எண்ணி முடிச்சா மலைக்கு அனுப்பணும்ல? பெரட்டுக் களத்துலயே நிப்பாட்டி வச்சா கொழுந்த யாரு எடுக்குறது?

செல்லசாமி: அனுப்புற பட்டன் எதுன்னு தெரியலையே.

நாகலெட்சுமி: இந்தாங்க... 'நாகு'வ அமுக்கிட்டேன். நோட்டிஸ் வந்துருச்சு பாருங்க. பிரிண்டரப் போடுங்க... ஆமா, இந்த வயசுல ஏன் திடீர்னு கம்பியூட்டர்?

செல்லசாமி: நீ எதுக்கு லீவு எடுத்த?

நாகலெட்சுமி: கந்தப்பளைல சித்தி மகனுக்குக் காதுகுத்துன்னு சொன்னேனே...

செல்லசாமி: அந்தக் காதுகுத்துல இருந்து எனக்குப் போன் வந்துச்சு. கண்டி பிரஸ் மொதலாளி பேசினாரு. புள்ள எப்படி, வேலைக்கு எடுக்கலாமான்னு கேட்டாரு.

நாகலெட்சுமி: ...நீங்க கெடுத்து விடலையே?

செல்லசாமி: சேச்சே. ஒம் பொழப்புல மண்ணள்ளிப் போடுவேனா? உள்ளத விட ஒரு பங்கு கூடத்தான் சொன்னேன். ரெண்டு கைலயும் ரெண்டு மவுஸப் புடிச்சு, ஒரே நேரத்துல ரெண்டு நோட்டிஸ் அடிக்கும்னேன். போனை வச்சதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீ போயிட்டா நான்தானே பாக்கணும்... அதான் பழக ஒக்காந்தேன். அது சரி, எப்ப போற?

நாகலெட்சுமி: எங்க போறது? அந்த மனுசன் ரெண்டு மவுஸ எம் முன்னால வச்சு, அடிச்சுக் காட்டுன்னுல்ல சொன்னாரு!