பதில் சொல்லாத காணிக்காரர்

லோறென்ஸ்கூக் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு தமிழ்ப் பெண்கள். எரிவாயுக் குழாய் போகிற காணிகளின் சொந்தக்காரரைத் தேடிச் சம்மதம் வாங்குவதுதான் இளையவளின் வேலை என்று பேச்சிலேயே விளங்கிவிட்டது. நான் காதைக் கொடுத்துக்கொண்டு வெளியே பார்த்தேன்.

“செத்தவரிட்டைச் சம்மதம் வாங்கட்டாம், அக்கா.”

“ஆர் சொன்னது?”

“எங்கடை பொஸ். டேட்டாபேஸிலை அந்தக் காணிக்காரர் உயிரோடை இருக்கிறாராம். பிறகென்ன, சவக்காலைக்கு ஈமெயில் போகுது.”

“மனிசி இருக்கிறாவோ?”

“ஓம், அந்தக் காணியிலை கிழங்கு போட்டுத்தான் சீவிக்கிறா. ஆனா டேட்டாபேஸிலை அவவின்ரை பேர் இன்னும் ஏறேல்லை. அதாலை பொஸ்ஸுக்கு அவ ஒரு ஆளில்லை. வெள்ளிக்கிழமைக்குள்ளை அவர் பதில் போடாட்டிச் சம்மதமெண்டு எடுத்து, காணியைக் கிண்டலாமாம்.”

“நல்ல கெட்டிக்காரன்! அவவுக்குச் சொன்னனியோ?”

“போன் எடுத்துச் சொன்னனான். ‘என்ரை மனிசன் உயிரோடை இருக்கேக்கையும் கேட்டதுக்குப் பதில் சொல்லாது. அதைச் சம்மதமெண்டு நான் ஒருநாளும் எடுத்ததில்லை. நான் மாட்டனெண்டு எழுது’ எண்டா.”

“நீ என்ன செய்தனி?”

“அப்பிடியே எழுதி, பொஸ்ஸின்ரை பொஸ்ஸுக்கும் சேர்த்து அனுப்பிப்போட்டன்.”