கையிலிருந்த ஊசி

மயக்க மருந்து கொடுப்பவனின் முகத்தை நோயாளிகள் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அதில் எனக்கு வருத்தம் இருந்ததே இல்லை. கோயமுத்தூரில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஸ்கூட்டரில் போய் மயக்கம் கொடுத்துவிட்டு வருவேன். அதுதான் என் பிழைப்பு.

தொண்ணூற்று நான்கில், டாக்டர் பாலகோபாலின் ஆஸ்பத்திரியில் மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரி ஒருவர் ஆபரேஷன் மேசையிலேயே இறந்தார். இதயம் பலவீனம், இப்போது அறுக்க வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். பாலகோபால் உறவினர்களிடம், "மயக்க டாக்டர் கவனிக்காம உட்டுப்போட்டாருங்க" என்றார். இறந்தவரின் மகன் என்னைச் செருப்பால் அடித்தான். அந்த அடியைக்கூட மறந்திருப்பேன். பாலகோபால் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை மறக்க முடியவில்லை.

அடுத்த வருடம் அதே ஆஸ்பத்திரிக்குக் காங்கேயத்திலிருந்து குழந்தையம்மாள் என்ற மூதாட்டி வந்தார், இடுப்பெலும்பு முறிந்து. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததுமே தெரிந்தது. இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வால்வு சுருங்கியிருந்தது. முதுகில் ஊசி போட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். அந்த இதயம் தாங்காது. பாலகோபாலிடம் சொன்னேன். நர்ஸ்கள் எல்லோரும் கேட்கும்படி சிரித்தார்.

"பயமா இருந்தா ஊட்டுக்குப் போங்க கதிர்வேல். முதுகுல ஊசி போடறதுக்கு வேற ஆளா கெடைக்காது?"

போயிருக்கலாம். அல்லது, பலருக்குச் செய்ததுபோல, மெல்ல மெல்ல மயக்கம் கொடுத்து அழுத்தத்தை இறங்க விடாமல் பிடித்திருக்கலாம். எனக்கு அது நன்றாகவே வரும்.

"ஏனுங்க, வலிக்குமுங்களா?" என்று கேட்டார் குழந்தையம்மாள்.

"வலிக்காதுங்கம்மா" என்றேன். முழு அளவு மருந்தையும் முதுகில் செலுத்தினேன்.

அழுத்தம் இறங்கியது. அதை ஏற்றும் மருந்து நிரப்பிய சிரிஞ்ச் என் கையில் தயாராக இருந்தது. பாலகோபாலுக்கு வியர்த்தது.

"கதிர்வேல், ஏதாச்சும் பண்ணுங்க."

"நான் சொன்னது சரின்னு சொல்லுங்க."

"என்ன பேசறீங்க? மருந்தப் போடுங்க."

"சொல்லுங்க."

சொன்னார். அதன் பிறகுதான் மருந்தைப் போட்டேன். அதற்குள் இதயம் நின்றுபோயிருந்தது. மார்பை அழுத்திப் பார்த்தோம், பயனில்லை.

வெளியே குழந்தையம்மாளின் மகன் தம்பிதுரை என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க வேண்டாம்னுதான் சொன்னீங்களாமுங்க. நர்ஸம்மா சொன்னாங்க." ஆமாம் என்று தலையசைத்தேன். அன்று மாலைக்குள் பாலகோபாலின் ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடி மிச்சமில்லை. அதோடு அவர் தொழிலும் படுத்தது.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். நான் ஒழிக்க நினைத்தது பாலகோபாலை மட்டும்தான். குழந்தையம்மாள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.