எழுநூத்தம்பது கிலோ

...அதான் சொல்றேன், அந்தச் சுத்தியலைப் பைக்குள்ள போடு. டொக்குனு கேட்டா நல்ல கான்க்ரீட், டப்புனு கேட்டா கெட்ட கான்க்ரீட். நீ என்ன தேங்கா வாங்கவா வந்திருக்கே? முப்பத்தஞ்சு வருஷம் உரத் தொழிற்சாலையிலே சேஃப்டி டிபார்ட்மென்ட்ல இருந்தவன் நான். எவனாவது 'தட்டிப் பாத்தேன் சார், நன்னாத்தான் இருக்கு'ன்னு ரிப்போர்ட் கொண்டுவந்தா, அன்னிக்கு அவனுக்கு மத்தியானச் சாப்பாடு எறங்காது. கணக்கு எங்கேம்பேன். முதல்ல கணக்கு, அப்பறம்தான் மத்ததெல்லாம்.

உன் பேர் என்ன சொன்னே? கயல். சரி. நீ சிவில், நான் மெக்கானிக்கல். அதனால என்னைவிட உனக்குத் தெரியும்னு இந்த ஸ்ரீரஞ்சனி முடிவு பண்ணிட்டா. அசோசியேஷன் செக்ரட்டரி ஆனதுலேர்ந்து அவளைப் பிடிக்க முடியல. திங்கக்கிழமை என் பால்கனிக்கு அடியிலேர்ந்து ஒரு துண்டு பூச்சு விழுந்தது, வாஸ்தவம். கீழே இஸ்திரி வண்டி மேல விழுந்தது, அதுவும் வாஸ்தவம். இஸ்திரிக்காரன் வெள்ளைத்துரை பொண்டாட்டி ரத்னா புடவை மடிச்சிண்டிருந்தா, அவ கைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. ஒண்ணும் ஆகலியே? அதுக்கு வாட்ஸப் க்ரூப்ல நாப்பது மெசேஜ். 'சந்திரமௌலி மாமாவோட லைப்ரரியாலதான்'னு மூணாவது மாடியிலே ஒருத்தன் போடறான். அவன் புஸ்தகத்தைக் கண்ணாலயாவது பாத்திருப்பானா?

உள்ள வாயேன். ஏன் வாசப்படியிலேயே நிக்கறே? நான் வரணுமா? நான் எதுக்கு எழுந்து வரணும்? இருபத்தெட்டு வருஷமா இந்த நாற்காலியிலே, இந்த எடத்துலதான் ஒக்காந்து படிக்கறேன். பதினாலு அடி நீளம், நாலு அடி அகலம். மயிலாப்பூர்ல இந்த மாதிரி பால்கனி இப்ப யார் கட்டறா? க்ரில் போட்டு, கண்ணாடி ஜன்னல் வெச்சு, மழைத் தூறல் உள்ள வராம பண்ணினது நான். என் ஆத்துக்காரி ஜானு துணி காயப்போட எடமில்லேன்னு ஒரு மாசம் என்னோட பேசல. பேசாட்டா என்ன, நிம்மதியாப் படிச்சேன்.

இந்த வரிசை பூரா விபத்து. பாலம் விழுந்தது, அணை ஒடஞ்சது, கப்பல் முழுகினது, பாய்லர் வெடிச்சது. அந்த வரிசை விஞ்ஞான சரித்திரம். அதுல பாதி குப்பை. சரித்திரம் எழுதறவாளுக்கு ஒரு வியாதி இருக்கு. ஒருத்தன் சும்மா ஒக்காந்திருந்தான், மண்டையிலே பொறி தட்டித்து, உலகம் மாறிடுத்துன்னு எழுதுவா. நீராவி எஞ்சினைக் கண்டுபிடிச்சவனுக்கு முந்நூறு பக்கம். அது வெடிக்காம ராத்திரி பகலாப் பாத்துண்டவனுக்கு ஒரு அடிக்குறிப்பு, அதுலயும் பேர் இருக்காது. அப்பறம் ஏன் வாங்கினேங்கறியா? திட்டறதுக்காவது படிக்க வேண்டாமா? மார்ஜின்ல பாரு, பென்சில்ல பூரா நான் திட்டினதுதான்.

அந்தக் காலத்து பாய்லர்ல சேஃப்டி வால்வ் அப்பப்போ ஊதும். அழுத்தம் ஏறிடுத்து, ஜாக்கிரதைன்னு அர்த்தம். சத்தம் தொல்லையா இருக்கு, நீராவி வீணாப் போறதுன்னு இவா என்ன பண்ணுவா தெரியுமோ? வால்வ் மேல கல்லைத் தூக்கி வைப்பா. கயிறு போட்டு இழுத்துக் கட்டுவா. அப்பறம் வெடிச்சா கடவுள் சித்தம்பா. இதைச் சொல்லாம நான் ஒரு மீட்டிங் நடத்தினதில்ல. படிக்காத ஜனங்க பண்ணினதுன்னு நெனைச்சுடாதே. எல்லாம் படிச்சவா.

இப்ப மட்டும் என்ன வாழறது? அடையாறுல பரத்வாஜ்னு என்னோட வேலை பாத்தவன், அவாத்துல வென்னீர் போட ஃபோன்ல பட்டன். போன வாரம் வைஃபை போயிடுத்து, மனுஷன் மூணு நாள் பச்சத்தண்ணியிலே குளிச்சிருக்கான். இதுக்குப் பேர் முன்னேற்றம். 'பத்து லட்சத்துல ஒரு தடவைதான் தப்பாகும்'னு டப்பாவுல போட்டிருக்காண்டாங்கறான். அந்த ஒரு தடவை எந்தக் கிழமைன்னு போட்டிருக்கானான்னு கேட்டேன். ஃபோனை வெச்சுட்டான்.

நான் மட்டும் பழைய பஞ்சாங்கம்னு நெனைக்காதே. நானும் ஃபோன்ல அந்த ஏஐகிட்ட கேட்டேன். இந்தப் பால்கனி அளவு, புஸ்தகத்தோட எடை, எல்லாம் போட்டு, தாங்குமான்னு கேட்டேன். ரெண்டு பக்கத்துக்கு வளவளன்னு எழுதிட்டுக் கடைசியிலே, தகுதியுள்ள கட்டடப் பொறியாளரை அழைச்சுக் காட்டவும்னு முடிக்கறது. இதைச் சொல்லவா அத்தனை மின்சாரம்? ...என்ன சிரிப்பு? அது சொன்னது சரின்னு சொல்றியா? சொல்லிக்கோ.

எப்பக் கேட்டேனா? போன வருஷம். சும்மா, ஒரு ஆர்வத்துல.

இந்தா, நோட்டைப் பாரு. கணக்கு எங்கேன்னு உன்னை மாதிரி ஆட்கள் வருவான்னு தெரிஞ்சுதான் தொண்ணூத்தேழுலயே போட்டு வெச்சேன். சதுர மீட்டருக்கு முந்நூறு கிலோ தாங்கணும்னு விதி. மொத்தம் ஆயிரத்தைந்நூறுக்கு மேல வரது. அதுல பாதிதான் எனக்குன்னு கோடு போட்டேன். எழுநூத்தம்பது கிலோ. பெட்டி போட்டு எழுதியிருக்கேன் பாரு. மிச்ச பாதி, தெரியாத தப்புக்கு. கம்பி குறைச்சலாப் போட்டிருப்பான், சிமென்ட்ல கை வெச்சிருப்பான், துரு பிடிக்கும். இதுக்கெல்லாம் எடம் விட்டவன் நான். எந்த சிவில்காரன் தன் வீட்டுக்கு இப்படிப் பண்ணுவான்?

லஸ் கார்னர்ல பழைய புஸ்தகம் வாங்கிண்டு வருவேன். செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி சமையல் உள்ளே போய், ஜானுவோட தராசுல நிறுத்துடுவேன். அறுநூறு கிராம், எண்ணூத்தம்பது கிராம்னு ஒவ்வொண்ணும் இதுல ஏறும். 'பொண்ணு வேணுமா, புஸ்தகம் வேணுமான்னு கல்யாணத்தும்போதே கேட்டிருக்கணும்'பா. சிரிச்சுண்டே நிறுப்பேன்.

...என்ன, பக்கத்தைப் புரட்டறே? அது ரிவிஷன். ரெண்டாயிரத்து நாலுல ஆயிரம் கிலோன்னு மாத்தினேன். பாதிங்கறது ரொம்ப பயந்தாங்கொள்ளித்தனம்னு தோணித்து. காரணம் எழுதியிருக்கேனே. பன்னண்டுல ஆயிரத்து எரநூத்தம்பது. பொண்ணு கல்யாணமாகி ஆதம்பாக்கம் போயிட்டா, பால்கனியிலே ஆள் நடமாட்டம் கம்மி, அந்த எடையைப் புஸ்தகத்துக்குக் குடுத்தேன். தப்பா? பதினெட்டுல ஆயிரத்தைந்நூறு. அது... அதுக்குக் காரணம் எழுதலியா? எழுதியிருப்பேன். எழுதலை. சரி.

ஆமா, கீழே மூணும் என் கையெழுத்துதான். தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். நாங்க ஃபாக்டரியிலே அப்படித்தான் போடுவோம், பழக்கதோஷம். மூணும் வேற வேற ஆளா இருக்கணும்தான். எனக்குத் தெரியாதா? ஒருத்தனே மூணையும் போட்டிருந்தான்னு ஒரு என்ஜினீயரை நான் சஸ்பெண்ட் பண்ணியிருக்கேன். ஆனா இது வீடு. ஜானுவை விட்டா சரிபார்க்கச் சொல்றது?

பதினெட்டுக்கு அப்பறம் நிறுக்கல. தராசை அவ வடாம் மாவுக்குன்னு எடுத்துண்டு போயிட்டா. அட்டை மெல்லிசா இருக்கற புஸ்தகமெல்லாம் ஒரு எடையா?

அலமாரியோட எடையா? ஏழு ஸ்டீல் அலமாரி இருக்கு. எதுக்கு அதெல்லாம்... சேத்திருப்பேனே. குடு, இப்படிக் குடு நோட்டை. முதல் பக்கத்துல இருக்கும்.

...இல்ல. புஸ்தகம் மட்டும்தான் இருக்கு.

சரி, இருக்கட்டும். ஒரு அலமாரி என்ன, நாப்பது கிலோ இருக்குமா? கண்ணாடி ஜன்னல், க்ரில், அதெல்லாமும் சேக்கணும்பே. சேத்துக்கோ, யார் வேண்டாம்னா? உள்பக்கம் ஜன்னல் இருக்கு, அதனால அலமாரி எல்லாத்தையும் வெளிப்பக்கம் கைப்பிடிச் சுவரை ஒட்டி வெச்சேன். விளிம்புல பாரம் வைக்கக் கூடாதுன்னு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? வெளிச்சம் அங்கதானேம்மா வரது.

அந்த வெள்ளைத்துரை வண்டி கீழே இருக்கறதே என்னாலதான். ஸ்ரீரஞ்சனி அவனைத் துரத்தப் பாத்தா, கேட்டுக்குப் பக்கத்துல அசிங்கமா இருக்காம். நான்தான் சண்டை போட்டேன். அவன் அப்பன் காலத்துலேர்ந்து இந்தத் தெருவுல தேய்க்கறான். வெயில்ல கரி இஸ்திரிப் பெட்டியைப் பிடிச்சுண்டு நிக்கறானே, என் பால்கனி நிழல் அவனுக்கு இருந்துட்டுப் போகட்டும்னேன். அன்னிலேர்ந்து புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் காலம்பற ஏழு மணிக்கு வந்தா சாயங்காலம் ஆறு வரைக்கும் இதுக்கு அடியிலேதான்.

போன மாசம் அவன் மேல வந்தான். 'சார், மேலருந்து பொடி கொட்டிக்கினே கீது, வெள்ளச் சட்டையெல்லாம் திரும்பித் திரும்பித் தட்ட வேண்டியதா கீது, இன்னா சார் அது'ன்னான். இந்த நோட்டை எடுத்துக் காட்டினேன். கணக்குப் போட்டு வெச்சிருக்கேண்டா, நான் என்ஜினீயர், ஒண்ணும் ஆகாது, நீ பேசாம தேய்னேன். அவனுக்கு நோட்டுல என்ன புரியும்? ஆனா தலையை ஆட்டினான். 'நீ சொன்னா சரி சார்'னான். ரத்னாதான் வண்டியை அந்தப் பக்கம் தள்ளலாம்னிருக்கா. 'சாரே சொல்றாரு, உனக்கு இன்னா'ன்னு அவளை அடக்கிட்டான்.

இதைச் சொல்லியிருக்க வேண்டாமோ. உன் மூஞ்சி போற போக்கைப் பாத்தா...

அந்த ஜமக்காளத்தை ஏன் தூக்கறே? அது தூசி. அதை விட்டுடு. கயல், சொல்றேன்ல.

...ஆமா. விரிசல்தான். சுவரை ஒட்டி, இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும். பாத்தாச்சில்லையா? எனக்கும் தெரியும். பத்தொம்பதுல ஒரு தலைமுடி மாதிரி இருந்தது. அப்பவே முறைப்படி பண்ணினேன். விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி போட்டேன். விரிசல் நகர்ந்தா கண்ணாடி ஒடையும், நகராட்டா ஒடையாது. காலேஜ்ல உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுக்கறாளா? அதோ அந்த மஞ்சக் கறை, அது பசை.

ஒடஞ்சது. ஜானு மிதிச்சுட்டான்னு நெனைச்சேன். மிதிக்கவே இல்லேன்னு சாமி மேல சத்தியம் பண்ணினா, நான் நம்பல. அவளைக் கத்திட்டு ரெண்டாவது ஒட்டினேன். அதுவும் ஒடஞ்சது. கண்ணாடி மட்டம், கடைக்காரன் ஏமாத்திட்டான்னு கடைக்கே போய்ச் சண்டை போட்டேன். மூணாவதுக்கு நல்ல கண்ணாடி, நல்ல பசை. நாப்பது நாள் இருந்தது. தெருவுல குழாய்க்குத் தோண்டினா, அந்த அதிர்வுலதான்னு நோட்டுல எழுதியிருக்கேன். தோண்டினது அடுத்த தெருவுல.

நாலாவதா?

...துண்டு வெட்டி வெச்சேன். தேதி கூட எழுதிட்டேன். மேஜை மேல நாலஞ்சு நாள் கெடந்தது. ஒட்டினா ஒடஞ்சுடும்னு தெரியும். ஒடஞ்சா அப்பறம் யார் மேல பழி போடறது? அதான்... ஜமக்காளத்தைப் போட்டேன்.

ரெண்டு வருஷம் ஆறது. பயமா இருந்ததும்மா. விழுந்துடுமோன்னு இல்ல. இத்தனையும் எடுத்து எங்க வைப்பேன்? ஸ்ரீரஞ்சனி முன்னாடி, என் கணக்கு தப்புன்னு எப்படிச் சொல்வேன்? முப்பத்தஞ்சு வருஷம் மத்தவன் தப்பைக் கண்டுபிடிச்சே சம்பளம் வாங்கினவன். கேக்கறியா? நீ எழுதிக்கோ, நான் சொல்றதை அப்படியே ரிப்போர்ட்ல...

கயல்?

எங்க போயிட்டா இந்தப் பொண்ணு? சொல்லிண்டிருக்கும்போதே... செருப்பைக் கூடக் காணும்.

ஓ. கீழே போயிட்டியா. ஏம்மா, அந்த வண்டியை நீயா தள்ளுவே? சக்கரம் கல்லுல மாட்டிண்டிருக்கு. ரத்னா எழுந்துட்டா. அவன் ஏன் நகரமாட்டேங்கறான்? மேல பாத்துக் கை காட்டறான். என்னைத்தான். என்னைக் காட்டி அவகிட்ட என்னமோ சொல்றான். எனக்குக் கேக்க வேண்டாம், என்ன சொல்றான்னு எனக்கே தெரியும்.

வெள்ளைத்துரை. டேய், வெள்ளைத்துரை. அந்தப் பொண்ணு சொல்றதைக் கேளு. துணியெல்லாம் கெடக்கட்டும், நீ முதல்ல வெளியிலே வா. சார் சொன்னாரேன்னு நிக்காதே. கேக்கறதா? சார் சொன்னது தப்புடா.