ஒரே வரியில் அரைப்பேர்

நுவரெலியா பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் மடியிலிருந்த லெப்டொப்பைப் பார்த்துக் கத்தினாள்.

"நீ எழுதுன சம்பளக் கணக்கு புரோகிராம்ல, நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தவங்க அத்தன பேருக்கும் அரைப்பேர்னு பாதி நாள் சம்பளம் போட்டு வச்சிருக்கடி!"

"ஃபில்டர், மேப், சம்னு புள்ளி வச்சு ஒரே வரியில கோத்தேன்க்கா. எவ்வளவு அழகா இருக்கு, பாருங்க."

"அழகு கிடக்கட்டும். கொழுந்த ஒரு நாளைக்கு எத்தன தடவ நிறுப்பாங்க?"

"மூணு தடவ."

"மூணையும் கூட்டித்தானே முழுப்பேருக்கு வேண்டிய பதினெட்டுக் கிலோ வரும்? நீ பதினெட்டுக்குக் கொறஞ்ச நிறுவையெல்லாம் மொதல்லயே ஃபில்டர்ல தள்ளிட்டு, அப்புறம் கூட்டுற. கூட்ட என்னடி மிஞ்சும்? தோட்டத்து லயத்துல பொறந்தவதானே நீ?"

இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்கம்மாவுக்கும் அரைப்பேர்தான். எந்த முண்டம் எழுதுச்சோன்னு காலையிலேருந்து திட்டுறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நானும் சேந்து திட்டினேன்க்கா."